அமெரிக்காவில் எம்எஸ்: பாடப்புத்தகச் செலவைக் குறைப்பது எப்படி?

ஜூலை வந்துவிட்டால் எம்எஸ் என்ற முதுநிலைப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "புக்கெல்லாம் இங்கேயே வாங்கிட்டுப் போயிடலாமா, அங்க போய்ப் பார்த்துக்கலாமா?" நியாயமான கேள்விதான். அங்கே கெட்டி அட்டையில் 150, 200 டாலர் விலை போட்டிருக்கும் பொறியியல் புத்தகம், இங்கே மெல்லிய அட்டையில் 1,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் வாங்கி அடைக்கவும் முடியாது. பெரும்பாலும் இரண்டு பெட்டி, தலா 23 கிலோதான் விடுவார்கள். அதில் குக்கருக்கும் அம்மா கொடுக்கும் பொடி வகைகளுக்கும் இடம் வேண்டும். நான் கடைப்பிடித்த வரிசையைச் சொல்கிறேன்.

1. ஐஎஸ்பிஎன் எண்ணை எடுங்கள்

2008இல் வந்த உயர்கல்விச் சட்டப்படி, அரசு நிதியுதவி பெறும் அமெரிக்கக் கல்லூரிகள் பாடப் பதிவு அட்டவணையிலேயே புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணையும் விலையையும் முடிந்தவரை காட்ட வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கும் அந்த 13 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ரெக்கமெண்டட்' என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை மறந்துவிடலாம். 'ரிக்வயர்ட்' என்று இருந்தாலும் முதல் வகுப்பு முடியும்வரை காசை வெளியே எடுக்காதீர்கள். ஸ்லைடை வைத்தே செமஸ்டரை ஓட்டிவிடுகிற பேராசிரியர்கள் நிறையப் பேர். அதே பாடம் எடுத்த சீனியரிடம் கேட்கும்போது "ஹோம்வொர்க் புக்கிலிருந்து வருமா?" என்று கேளுங்கள். "புக் வேணுமா?" என்று கேட்டால் எல்லோரும் "இருந்தா நல்லதுதான்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது.

2. நூலகத்தில் தேடுங்கள்

பல்கலைக்கழக நூலகத் தளத்தில் மின்னூல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'கோர்ஸ் ரிசர்வ்' பிரிவில் கேளுங்கள். பேராசிரியர் ஒதுக்கி வைத்திருக்கும் பிரதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தருவார்கள். அதுவும் இல்லையா, 'இன்டர்லைப்ரரி லோன்'. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், பெரும்பாலும் இலவசமாக. கணினித் துறைக்காரர்கள் ஆசிரியரின் சொந்தத் தளத்தையும் பார்த்துவிடுங்கள். 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' போன்ற புத்தகங்களை எழுதியவர்களே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

3. இந்தியப் பதிப்பு: இங்கேதான் கவனம்

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இந்தக் கட்டம். பெயர் ஒன்று, ஆசிரியர் ஒருவர், பதிப்பு எண்கூட ஒன்று. ஆனால் அத்தியாயக் கடைசியில் வரும் கணக்குகள் வேறாக இருக்கலாம். சிலவற்றில் எண்கள் மட்டும் மாறியிருக்கும், சிலவற்றில் வரிசை மாறியிருக்கும், சிலவற்றில் ஒரு அத்தியாயமே இருக்காது. பேராசிரியர் "4.17, 4.22 செய்து கொண்டுவா" என்று சொல்வார். உங்கள் 4.17 வேறு ஏதோ கணக்காக இருக்கும். ஹோம்வொர்க் திருத்துகிற டிஏவுக்கு (பேராசிரியருக்கு உதவியாக இருக்கும் மாணவர்) இதெல்லாம் தெரியாது, பூஜ்யம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அதற்காக இந்தியப் பதிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். பாடம் படிக்க அது போதும். ஹோம்வொர்க் கொடுத்ததும் ரிசர்வ் பிரதியை எடுத்து, அந்தக் கணக்குகள் உள்ள பக்கங்களை மட்டும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆப் எதற்கும் காசு கட்டத் தேவையில்லை, போன் கேமராவே போதும். பழைய எடிஷன் வாங்கினாலும் இதே வழிதான். என்னைக் கேட்டால், மூன்று நான்கு செமஸ்டருக்கும் உதவுகிற அடிப்படைப் புத்தகங்கள் இரண்டை மட்டும் ஊரிலிருந்து எடுத்துப்போனால் போதும். புதிதாகக்கூட வேண்டாம், சென்னை அல்லிக்குளம், கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'இந்தியா, நேபாளம், இலங்கையில் மட்டும் விற்பனைக்கு' என்று அட்டையில் இருக்கிறதே, அமெரிக்காவில் பிடித்துவிடுவார்களா என்று பயப்பட வேண்டாம். தாய்லாந்திலிருந்து போய்ப் படித்த சுபாப் கிர்ட்சாங் என்ற மாணவர், ஊரிலிருந்து இப்படிப்பட்ட புத்தகங்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. விற்றவருக்கே அந்தத் தீர்ப்பு என்றால், படிக்க வைத்திருப்பவருக்கு என்ன பயம்?

4. ஆக்சஸ் கோட்

பதிப்பகத்தின் ஆன்லைன் தளத்துக்குள் போகக் காசு கொடுத்து வாங்கும் கோட் இது. எம்எஸ் வகுப்புகளில் அபூர்வம். தம்பி தங்கை யாராவது இளநிலை படிக்கப் போனால் கணக்கு, இயற்பியல், அக்கவுண்டிங் வகுப்புகளில் மாட்டுவார்கள். ஹோம்வொர்க்கே பதிப்பகத்தின் தளத்தில்தான். உள்ளே போகும் கோட் ஒருமுறைதான் வேலை செய்யும். பழைய புத்தகத்தோடு வருகிற கோட் செத்த கோட். 'இன்க்ளூசிவ் ஆக்சஸ்' என்ற பெயரில் ஃபீஸ் கணக்கிலேயே இதைச் சேர்த்துவிடுவதும் உண்டு. வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கும், கெடுவும் இருக்கும். ஆனால் ஹோம்வொர்க் அந்தத் தளத்தில் இருந்தால் விலகாதீர்கள். விலகினால் உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். முதலாண்டுப் பாடம் என்றால், ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களை ஆன்லைனில் இலவசமாகப் படிக்கலாம்.

5. கடைசியாகத்தான் வாங்குவது

புக்ஃபைண்டர் என்ற தளத்தில் ஐஎஸ்பிஎன் போட்டால் பல கடைகளின் விலையை அஞ்சல் செலவோடு காட்டும். எனக்கு அது போதும். வாடகைப் புத்தகம் எனக்குப் பிடிப்பதில்லை. திருப்பித் தரும் தேதி டிசம்பரில் வரும். அப்போது நீங்கள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பீர்கள், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பழைய பிரதியை வாங்கி ஜூனியருக்கு விற்பது மேல்.

பின்சேர்க்கை: இந்தியப் பதிப்பு என்று வாங்கியது ஜெராக்ஸ் போல மங்கலாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது திருட்டுப் பதிப்பு. மேலே சொன்ன தீர்ப்பு முறையாக அச்சிட்ட பிரதிகளுக்கு மட்டும்தான். படங்கள், சமன்பாடுகள் உள்ள பக்கத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொருவர், மிட்டெர்ம் வாரத்தில் நூலக மின்னூல் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். சில மின்னூல்களை ஒரே நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும்; தளத்தில் 'ஒன் யூசர்' என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால், அனுமதிக்கிற பக்கங்களைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துவிடுங்கள்.