எச்டிபி வீட்டு சீலிங்ல ஸ்பீக்கர் பதிக்கணுமா? டேப்பை எடுத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க

சீலிங் ஸ்பீக்கர் போடலாம்னு ஆசை வந்ததும் எல்லாரும் எந்த பிராண்டு நல்லாருக்கும்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க. நம்ம சிங்கப்பூர் வீட்டுக்கு அது கடைசியா பார்க்க வேண்டிய விஷயம். யூடியூப்ல வர்ற அமெரிக்க வீடியோல மேல மரச்சட்டம் இருக்கும், அதுக்கும் மேல காலியா ஒரு பரண் இருக்கும், அவங்க இஷ்டத்துக்கு வயர் இழுப்பாங்க. இங்க எச்டிபியோ (வீவக அடுக்குமாடி) கொண்டோவோ (தனியார் அடுக்குமாடி), தலைக்கு மேல இருக்கிறது கான்கிரீட் ஸ்லாப், அதுக்கு மேல அடுத்த வீட்டுக்காரரோட தரை, அதுல கை வைக்கவே கூடாது. ஸ்பீக்கர் உட்காரப் போறது ஸ்லாப்புக்குக் கீழ தொங்குற ஃபால்ஸ் சீலிங் போர்டுல. அந்த போர்டுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர் இருக்குங்கிறதுதான் நீங்க என்ன வாங்கலாம், எங்க வைக்கலாம்னு எல்லாத்தையும் சொல்லும்.

முதல்ல அளவு

டிபி பாக்ஸ்ல, அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில, லைட்டுக்கான சுவிட்சை (எம்சிபி) ஆஃப் பண்ணுங்க. சீலிங்ல பதிச்சிருக்கிற ஒரு டவுன்லைட்டைக் கீழ இழுத்தா ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கோட வெளிய வந்துடும், அந்த ஓட்டை வழியா மெஷரிங் டேப்பை ஸ்லாப் இடிக்கிற வரைக்கும் விடுங்க. போர்டோட தடிப்பையும் குறிச்சுக்கோங்க, சாதாரணமா 9 மிமீ இல்லன்னா 12 மிமீ இருக்கும். அப்படியே ஃபோனை உள்ள விட்டு நாலு பக்கமும் வீடியோ எடுத்துடுங்க, போர்டைத் தாங்குற சேனல் கம்பி எந்தப் பக்கமா ஓடுது, லைட் வயர் எங்க போகுது, லைட்டுக்கு பவர் கொடுக்கிற எல்இடி டிரைவர் டப்பா எங்க கிடக்குதுன்னு இதுலயே முக்கால்வாசி தெரிஞ்சிடும்.

6.5 இஞ்ச் ஸ்பீக்கர் பெரும்பாலும் 8லேர்ந்து 11 செமீ வரைக்கும் ஆழம் கேட்கும். பெட்டி மேல ‘மவுண்டிங் டெப்த்’துன்னு போட்டிருக்கும், அதுக்கு மேலயும் ஒரு ரெண்டு செமீ காலியா இருந்தாதான் வயர் மடங்காம நிக்கும். உங்க இடைவெளி அவ்வளவு இல்லன்னா மெல்லிசா செஞ்ச ‘ஸ்லிம்’ மாடல்தான் வழி, பேஸ் (அடித்தொனி சத்தம்) கொஞ்சம் குறையும், பரவால்ல.

நிறைய வீட்ல சீலிங் முழுக்க போர்டு கிடையாது, சுவர் ஓரமா ஓடுற பெட்டி மாதிரி போர்டு, எல் பாக்ஸ் மட்டும்தான். அதுலயும் வைக்கலாம், ஆனா கோவ் லைட் (இடுக்குல மறைச்சு வைக்கிற லைட்) ஓடுற பக்கத்தை விட்டுட்டு அகலத்தை அளங்க, ஸ்பீக்கர் விளிம்பு நடுவுல உட்காரணும். எதுவுமே இல்லாத வெறும் ஸ்லாப்னா ரெனோவேஷன் காண்ட்ராக்டர்கிட்ட ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லும்போதே ஆழத்தைச் சொல்லிடுங்க. எச்டிபி விதிப்படி போர்டு போட்ட பிறகும் தரையிலேர்ந்து 2.4 மீட்டர் உயரம் மிஞ்சணும்.

1991க்கு முன்னாடி கட்டின வீடு, சீலிங் போர்டும் அந்தக் காலத்துதுன்னா அதை வெட்டாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பிருக்கு, டெஸ்ட் பண்ணிட்டுதான் தொடணும். இதுல மட்டும் சமாதானமே கிடையாது.

எங்க வைக்கிறது

வேலை செய்யும்போது பின்னாடி பாட்டு ஓடினா போதும்னா ரெண்டு ஸ்பீக்கர், சுவர்லேர்ந்து 50-60 செமீ தள்ளி, ஒண்ணுக்கொண்ணு சுமாரா ரெண்டு மீட்டர் இடைவெளில வைங்க. மூலையில திணிச்சா பேஸ் மட்டும் குடம் மாதிரி முழங்கும். மேலேர்ந்தும் சத்தம் வர்ற சினிமா செட்டப், டால்பி அட்மாஸ் 5.1.2க்குன்னா நீங்க உட்கார்ற சோஃபாவுக்கு நேர் மேல, இல்லன்னா ஒரு பிடி முன்னாடி. டிவி பேசுறதையே சீலிங் ஸ்பீக்கர்ல கேக்கணும்னு நினைக்காதீங்க, ஆள் வாய் திரையில, குரல் உச்சந்தலையிலன்னு இருக்கும், அதுக்கு கீழ சவுண்ட்பாரோ சின்ன ஸ்பீக்கரோ வைக்கிறதுதான் என் கட்சி.

கொண்டோல இருக்கிறவங்க தீ அணைக்கிற ஸ்பிரிங்க்ளர் பைப்பு பக்கமே போகாதீங்க, மேனேஜ்மென்ட்டை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

வயர்

எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற சிம் லிம் டவர்ல மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் வயர் போற வழி 15 மீட்டருக்குள்ளன்னா 16 கேஜ் போதும், அதுக்கு மேலன்னா 14 கேஜ், நம்பர் குறையக் குறைய வயர் தடிப்புன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. முழுக்க செம்பு வயரா கேளுங்க. அலுமினியத்து மேல செம்பு பூசினது விலை கம்மி, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஓரத்தைச் சுரண்டினா வெள்ளையா தெரியும். நேரா அளந்தா 6 மீட்டர்னாலும் சுத்தி வளைச்சு 9 ஆகும், தாராளமாவே வாங்குங்க.

இழுக்கிறதுக்கு கோவ் லைட் இடுக்கும் டவுன்லைட் ஓட்டைகளும்தான் நம்ம வாசல். ஒரு ஓட்டையிலேர்ந்து அடுத்த ஓட்டைக்கு ஃபிஷ் டேப் (வயர் இழுக்கிற நீளமான பட்டை) விட்டு, நுனியில வயரைக் கட்டி இழுங்க. 230 வோல்ட் லைட் வயரோட ஒட்டிப் போக விடாதீங்க, குறைஞ்சது ஒரு அடி தள்ளி ஓட்டுங்க, குறுக்க தாண்டித்தான் ஆகணும்னா செங்குத்தா தாண்டுங்க, இல்லன்னா ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு இரைச்சல் கேக்கும். வீட்டுக்குள்ள இருக்கிற ஷெல்டர் அறை (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) சுவர்ல ஓட்டை போட்டு வயர் விடுற யோசனையே வேணாம். ஸ்பீக்கர் வயரை நாமளே இழுக்கலாம், ஆனா ஆம்ப்ளிஃபையருக்குப் புதுசா பவர் பாயின்ட் வேணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிஷியனைத்தான் கூப்பிடணும். ரெண்டு முனையிலயும் அரை மீட்டர் மிச்சம் விட்டு, லெஃப்ட் ரைட்னு டேப் ஒட்டி எழுதிடுங்க.

வெட்டுறது

சத்தம் வர்ற வேலைக்கு எச்டிபில வார நாள் காலை 9லேர்ந்து சாயந்தரம் 5 வரைதான், சனி ஞாயிறு பொது விடுமுறையில கிடையாது. கையால அறுக்கிற ஜிப்சம் வாளுக்குப் பெரிசா சத்தம் வராது, ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில அங்கிள்கிட்ட கேட்டா எடுத்துத் தருவார். மாஸ்க், கண்ணாடி போடாம ஏறாதீங்க, ஜிப்சம் தூள் நேரா கண்ணுலதான் விழும்.

பெட்டியில வர்ற அட்டை டெம்ப்ளேட்டை சீலிங்ல ஒட்டி பென்சில்ல வட்டம் போடுங்க. உடனே அறுக்காதீங்க. வட்டத்து நடுவுல விரல் தடிப்புக்கு ஒரு ஓட்டை, அதுல கம்பி ஹேங்கரை எல் மாதிரி மடக்கி உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துங்க. எங்கயும் இடிக்காம வந்தா இடம் காலி. சேனல்ல இடிச்சா இந்த சின்ன ஓட்டையை பட்டி போட்டு மூடிட்டு பத்து செமீ நகர்ந்துக்கலாம், பெரிய வட்டத்தை வெட்டின பிறகு அது நடக்காது. சேனலை வெட்டிட்டு ஸ்பீக்கரை வைக்கலாமேன்னு தோணும், போர்டைத் தாங்குறதே அதுதான், வேணாம். அறுக்கும்போது எம்சிபி ஆஃப்லயே இருக்கட்டும், ஒருத்தர் கீழ நின்னு ஏணியைப் பிடிக்கட்டும்.

மாட்டுறது

வயர் நுனியை ஒரு செமீ உரிச்சு முறுக்கி, சிவப்பு ப்ளஸ்ல, கறுப்பு மைனஸ்ல மாட்டி லேசா இழுத்துப் பாருங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மாறினா பாட்டு ஓடும் ஆனா பேஸ் காணாம போயிடும். சந்தேகம்னா ஆம்ப்ளிஃபையர் பக்கம் வயரைக் கழட்டி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க, ப்ளஸ்ல ப்ளஸ் பட்டா கோன் வெளிப்பக்கம் துள்ளும். அதே வயரைத் திரும்ப ஆம்ப்ளிஃபையர்ல மாட்டி, ஸ்க்ரூ முடுக்குறதுக்கு முன்னாடியே சின்ன சத்தத்துல ஒரு பாட்டு போட்டுக் கேட்டுடுங்க.

ஸ்பீக்கரை மேல தள்ளி ஸ்க்ரூவைத் திருப்பினா உள்ள இருக்கிற காது மாதிரி கிளாம்ப் விரிஞ்சு போர்டைக் கவ்வும். கை ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான், டிரில்லு வேண்டாம், 9 மிமீ ஜிப்சம் பொடிஞ்சு போகும். கனமான ஸ்பீக்கர்னா ஒரு மெல்லிசு ஸ்டீல் கம்பியால சீலிங் தொங்குற ராடோட சேர்த்துக் கட்டிடுங்க, கீழ குழந்தைங்க விளையாடுற வீடுன்னா கட்டாயம் செய்யுங்க.

நாலு ஸ்பீக்கர் போடுறவங்க ஒரு கணக்கு பார்க்கணும். 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை ஆம்ப்ளிஃபையரோட ஒரே சேனல்ல (லெஃப்ட் இல்லன்னா ரைட் அவுட்புட்ல) பேரலலா மாட்டினா 4 ஓம், நாலை மாட்டினா 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் 2 ஓமைத் தாங்காது, சூடாகி அணைஞ்சிடும்.

மேல்வீட்டுக்காரர் விஷயம். ஸ்பீக்கர் முதுகு ஸ்லாப்பைப் பார்த்துதான் இருக்கு, அதனால இடம் இருந்தா முதுகை மூடுற பேக் பாக்ஸ் போடுங்க, இல்லன்னா ஆம்ப்ளிஃபையர் செட்டிங்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற பேஸை சீலிங் ஸ்பீக்கருக்குப் போகாம நிறுத்திடுங்க. அதை பேஸுக்குன்னே தரையில வைக்கிற சப்வூஃபர்க்கு அனுப்பினா கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அது வேற கதை லா.

கடைசியா ஸ்பீக்கர் முகத்தை மூடுற வலை, கிரில். பெரும்பாலும் காந்தம்தான், டப்புன்னு ஒட்டிக்கும். சீலிங் கலர்ல வேணும்னா உள்பக்கம் ஒட்டியிருக்கிற துணியை உரிச்சுட்டு, ஸ்ப்ரே பெயின்ட்டை மெல்லிசா ரெண்டு மூணு தடவை அடிச்சு, காஞ்சதும் துணியைத் திரும்ப வைங்க. பிரஷ்ல அடிச்சா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்.