வளையலும் உடையாமல், காசும் கரையாமல்: பார்சலை எதில் அனுப்புவது?

சிங்கப்பூரில் புதிதாக ஆன்லைனில் விற்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எதில் அனுப்பினால் மலிவு, அக்கா?" என்றுதான். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, பொருள் வாங்குபவரின் தபால் பெட்டிக்குள் போகுமா என்பது.

போகும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஜிமிக்கி, ரவிக்கைத் துணி மாதிரிச் சின்னப் பொருளுக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டியதில்லை, புளோக் கீழே இருக்கும் பெட்டியில் தபால்காரர் வைத்துவிட்டுப் போய்விடுவார். சிங்போஸ்ட், அதாவது நம் அஞ்சல் நிறுவனத்தின், சாதாரணத் தபால் மலிவுதான், ஆனால் டிராக்கிங் எண் கிடையாது. "இன்னும் வரலையே" என்று மெசேஜ் வந்தால் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. என் கணக்கு இதுதான்: தொலைந்தால் இன்னொன்று அனுப்ப மனசு வலிக்காத விலை என்றால் சாதாரணத் தபால், அதற்கு மேலே டிராக்கிங். எனக்கு அந்தக் கோடு 15 வெள்ளி.

தபால் பெட்டிக்குள் போகாததற்கு கூரியர். இங்கேதான் பலர் ஏமாறுவது. பல கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பார்சல் பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 40க்கு 30க்கு 20 பெட்டியில் ஒரு கிலோ வாசல் தோரணத்தை வைத்தால் அது 4.8 கிலோ! காற்றுக்குக் காசு கட்டுகிறோம். அதனால் பெட்டியை வெட்டிச் சின்னதாக்கிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள்.

ஆனால் கண்ணாடி வளையலில் இந்தச் சிக்கனம் வேண்டாம். பழைய தமிழ் முரசு பேப்பரை இறுக்கச் சுருட்டி ஒரு டஜன் வளையலுக்குள் செருகுவேன், மேலே பபிள் ரேப், அப்புறம் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குவேன். கிலுங் என்றால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஆர்டர் செய்து "இன்னைக்கே வேணும்" என்பவர்களுக்கு லாலாமூவ், கிராப் எக்ஸ்பிரஸ் மாதிரி ஆப்பில் கூப்பிடும் டெலிவரி. தூரத்துக்கு ஏற்ப காசு ஏறும், உட்லண்ட்ஸிலிருந்து தெம்பனிஸ் என்றால் வளையலைவிட வண்டிக்கூலி அதிகம், ஆகவே அதை வாங்குபவர் தலையில்தான் போட வேண்டும். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நேரில் கொடுப்பது இலவசம் என்பார்கள். அரை மணி நேரம் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு இலவசம் என்று. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு, உங்கள் கூரியர் பிக் லாக்கருக்கு, அதாவது வாங்குபவரே வந்து திறந்து எடுத்துக்கொள்ளும் பொது பார்சல் அலமாரிக்கு, கொண்டுபோவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் மட்டும் கவனியுங்கள், 800 டாலர் வரைக்கும் இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு போய்விட்டது. வரியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக முகவரி. நம் ஆறு இலக்க அஞ்சல் எண் கட்டடம் வரைக்கும்தான் கொண்டுபோகும், மாடி எண்ணும் வீட்டு எண்ணும் விட்டுப்போனால் பார்சல் லிஃப்ட் வாசலோடு சரி. போன வருஷம் ஒரு கூரியர் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று அனுப்பிய படத்தில் யாருடைய செருப்பு ரேக்கோ இருந்தது. குத்துவிளக்கு மூன்று நாள் கழித்து அதே மாடியில், தீயணைப்புக் குழாய் அலமாரிக்குள் கிடைத்தது. இப்போது ஆர்டர் எடுக்கும்போதே "ஆள் இல்லைன்னா எங்க வைக்கணும்?" என்று கேட்டு, அதை லேபிளிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்.