ஓவியத்துக்கு விலை வைப்பது எப்படி: டர்பனிலிருந்து ஒரு கணக்கு

நான் முதன்முதலாக விற்ற ஓவியம், டர்பனின் விக்டோரியா தெரு சந்தையில் மசாலாத் தூள்களைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் ஒரு கடையைப் பார்த்து வரைந்தது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "என்னம்மா விலை?" என்று கேட்டார். அதுவரை அதைப் பற்றி யோசித்தே இராத நான், வாய்க்கு வந்தபடி 800 ராண்ட் என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். இரவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும் மட்டும் 450 ராண்ட் போயிருந்தது. மிச்சமிருந்த 350 ராண்டை நான் உழைத்த 40 மணி நேரத்தால் வகுத்தபோது மணிக்கு 8 ராண்ட் 75 சென்ட் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 2025 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், அன்று நான் செய்தது விற்பனையே அல்ல என்பது விளங்கும்.

அன்று என்னிடம் இல்லாதது துணிச்சல் அல்ல, ஒரு கணக்கு. எவர் கேட்டாலும், எங்கே கேட்டாலும், ஒரே மாதிரியாகச் சொல்லக்கூடிய விலை நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு அந்த விலை எப்படி வந்தது என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் வழக்கமாக வரையும் நடுத்தர அளவிலிருந்து தொடங்குங்கள். என் வழக்கம் 60-க்கு 80 சென்டிமீட்டர் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கேன்வாஸ், வண்ணம், தேய்ந்துபோகும் தூரிகைகளின் பங்கு எல்லாம் சேர்த்து 600 ராண்ட் ஆகிறது. முன்வரைவு முதல் கடைசியில் பூசும் வார்னிஷ் வரை ஏறக்குறைய 45 மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 120 ராண்ட் என்று வைத்தால் 5,400. ஆக மொத்தம் 6,000 ராண்ட். இதற்குக் கீழே போனால் அடுத்த கேன்வாஸை வாங்கவே என் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். மணிக்கணக்கு இந்த அடித்தளத்தை அறிவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். அதுவே விலையாகிவிடக் கூடாது. மவுண்ட் எட்ஜ்கோம்பின் கரும்புக் காட்டுக்கு மேலே திரளும் மேகத்தை இன்று என்னால் இரண்டு மணி நேரத்தில் வரைய முடிகிறதென்றால், முன்பு அதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனதால்தான். கை தேறியதற்காக விலை குறைவது நியாயமாகாது.

அடுத்தது கேலரியின் பங்கு. நான் பார்த்த அளவில் மிகப் பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல கேலரிகள் விற்ற விலையில் 40 முதல் 50 விழுக்காடு வரை கமிஷனாக எடுத்துக்கொள்கின்றன. இடம், விளக்கு, ஆட்கள், அழைப்பிதழ், ஆண்டுக்கணக்கில் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் ஆகியவற்றுக்கான பணம் அது. எனக்கு 6,000 வேண்டும், ஓவியத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போட 1,500 ஆகிறது, கேலரியின் கமிஷன் 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 7,500-உடன் 40 விழுக்காட்டைக் கூட்டி 10,500 என்று விலைச்சீட்டு எழுதினால், கேலரி 4,200-ஐ எடுத்துக்கொள்ளும், 6,300 மிஞ்சும், சட்டக்காரருக்குக் கொடுத்தது போக 4,800 மட்டுமே கைக்கு வரும். கமிஷன் நாம் கேட்கும் தொகையின் மேல் அல்ல, விற்ற விலையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆகவே கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 7,500-ஐ 0.60-ஆல் வகுத்தால் 12,500.

இதோடும் கணக்கு முடிவதில்லை. வாட் வரிக்குப் பதிவு செய்துள்ள கேலரி, தன் கமிஷனின் மேல் 15 விழுக்காடு வரியையும் நம்மிடம் பிடிப்பதுண்டு. 2018 ஏப்ரல் 1 அன்று 14-லிருந்து 15 ஆன விகிதம் இது. அப்படிப் பிடித்தால் 40 என்பது நடைமுறையில் 46 ஆகிவிடும். 7,500-ஐ 0.54-ஆல் வகுக்க, 13,889 வருகிறது. கையெழுத்திடும் முன் "கமிஷனில் வாட் அடங்கியிருக்கிறதா, தனியா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள், 1,400 ராண்டுக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு அதில் இருக்கிறது.

நடுத்தர ஓவியத்தின் விலையை இவ்வாறு அறிந்தபின், மற்ற அளவுகளுக்கு அதைப் பரப்ப வேண்டும். நீளத்தை அகலத்தால் பெருக்கிச் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று வைப்பவர்கள் உண்டு. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ஓர் எண்ணால் பெருக்குபவர்களும் உண்டு. நான் இரண்டாவது வழியையே பின்பற்றுகிறேன். 60-ம் 80-ம் சேர்ந்து 140. 13,889-ஐ 140-ஆல் வகுத்தால் 99-க்குச் சற்று மேல். அதை 100 ஆக்கிக்கொண்டால் நடுத்தர ஓவியம் 14,000 ராண்ட், 20-க்கு 25 அளவுள்ள சிறியது 4,500, 120-க்கு 150 அளவுள்ள பெரியது 27,000. இதையே பரப்பளவின்படி கணக்கிட்டால் சிறியது 1,458-க்கு இறங்கிவிடும், பெரியது 52,500-க்கு ஏறிவிடும். உள்ளங்கை இரண்டை விரித்தாற்போன்ற அந்தச் சிறிய ஓவியத்தில் ஒரு முகத்தைக் கொண்டுவரப் பட்ட பாடு பத்தில் ஒரு பங்கு அல்ல. பெரிய ஓவியம் நடுத்தர ஓவியத்தைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு உழைப்பைக் கேட்பதும் அல்ல. காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்களுக்கு 100-க்குப் பதிலாக 60 என்ற எண்ணை வைத்திருக்கிறேன்.

இந்த எண்ணை வெளியுலகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கிளென்வுட்டில் உள்ள குவாசுலு-நடால் கலைச் சங்கத்தின் கேலரி போன்ற இடங்களுக்குப் போய், உங்களைப் போலவே இரண்டு மூன்று கண்காட்சிகள் செய்திருப்பவர்களின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விற்றுவிட்டதன் அடையாளமாகச் சிவப்புப் புள்ளி ஒட்டியவை எவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலச் செய்திகளைப் பார்த்து மயங்க வேண்டாம். தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் ஓவியம் ஒன்று 2011-இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது உண்மை. ஆனால் அவர் மறைந்தது 1966-இல். அது ஓவியத்தை வைத்திருந்தவர் பெற்ற விலை. வரைபவர் தன் அறையிலிருந்து கேட்கும் விலைக்கு அது வழிகாட்டாது.

இனி, என் வாழ்க்கையில் நான் மிகவும் வருந்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கேலரியில் என் ஓவியங்கள் 9,000 ராண்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தபோதே, அதே அளவுள்ள ஒன்றை வீட்டுக்கு வந்த ஒருவருக்கு 6,000-க்குக் கொடுத்தேன். கமிஷன் இல்லையே, எனக்கு நட்டமில்லையே என்றுதான் நினைத்தேன். கேலரியில் முழு விலை கொடுத்து வாங்கியிருந்த ஓர் அம்மையார், பிறகு ஒரு திருமண வீட்டில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, "அப்படியானால் என் வீட்டில் இருப்பதன் மதிப்பு எவ்வளவு, அக்கா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வீட்டில் விற்றாலும், கேலரியில் விற்றாலும், கோயில் மண்டபத்துக் கண்காட்சியில் விற்றாலும் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும். வீட்டில் விற்கும்போது மிஞ்சும் கமிஷன் இலாபம் அல்ல. கேலரி செய்யும் வேலையை நாம் செய்ததற்கான கூலி.

சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிப் பழகிய நம் மக்கள், ஓவியத்துக்கும் "கடைசி விலை என்ன?" என்று கேட்பார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை, பழக்கம்தான். விலையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கொடுக்கும் முறையை இலகுவாக்குங்கள்: மூன்று மாதத் தவணை, கடைசித் தவணை வரும்வரை ஓவியம் நம்மிடமே இருக்கும். இரண்டாவது முறை வாங்குபவருக்கு மட்டும் நான் 10 விழுக்காடு தள்ளுபடி கொடுக்கிறேன். கேலரி வழியாக என்றால் அந்தப் பத்தை இருவரும் பாதிப்பாதியாக ஏற்பது என்று முன்பே எழுதிக்கொள்வேன். நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க மனம் வந்தால் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். பாதி விலைக்குக் கொடுக்க வேண்டாம்.

சொல்லி வரையச் செய்யும் ஓவியங்களுக்குப் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பின்பே தூரிகையைத் தொடுங்கள். உருவப்படமாக இருந்தால் சட்டம் ஒன்றையும் நினைவில் வையுங்கள்: 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து உருவப்படம் வரையச் செய்தவருக்கே அதன் பதிப்புரிமை சேரும், இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. காவடி எடுத்த தாத்தாவின் படத்தை வரைந்து கொடுத்துவிட்டு, பின்னர் அதையே வாழ்த்து அட்டையாக அச்சிட விரும்பினால், அந்த உரிமையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

விலையை உயர்த்துவது பற்றிச் சுருக்கமாக: அடுத்தடுத்த இரண்டு கண்காட்சிகளில் பாதிக்கு மேல் விற்றிருந்தால், நீள அகலக் கூட்டலைப் பெருக்கும் அந்த 100-ஐ 110 அல்லது 115 ஆக்கலாம். ஒருமுறை ஏற்றிய விலையை இறக்குவது முன்பு வாங்கியவர்களைப் பாதிக்கும் என்பதால், ஏற்றும்போது சிறுகச் சிறுகவே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அளவு, வரைந்த நாள், செலவு, பிடித்த நேரம், விலை, யாரிடம் போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மசாலாக் கடை இருக்கிறது. எதிரே 800 என்று எழுதியிருக்கிறேன்.