பழைய மாருதி 800-க்கு பவர் விண்டோ: முதலில் கண்ணாடியைப் பாருங்கள், அப்புறம் மோட்டார் வாங்கலாம்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை பக்கம் ஏசி இல்லாத காரில் தனியாகப் போய்ப் பாருங்கள். முன்னால் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர், தார்ப்பாய் பாதி மூடி பாதி பறந்துகொண்டிருக்கும். நம் பக்கக் கண்ணாடியை அவசரமாகச் சுற்றி ஏற்றிவிடலாம். இடது பக்கம்? கை எட்டாது, வண்டியை ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டில் கோலம் போடுகிற அளவுக்குப் புழுதி. ஃபாஸ்டேக் வந்த பிறகு டோல்கேட்டுக்காகக் கண்ணாடி இறக்கும் வேலைகூட இல்லை, பட்டனை அமுக்கினால் கண்ணாடி ஏறி இறங்கும் பவர் விண்டோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த டிப்பர்தான்.

எங்களுடையது 2003 மாருதி 800, தர்மபுரியில் சித்தப்பா வாங்கி ஓட்டி, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த டிஎன் 29 வண்டி. வேலையை ஆரம்பித்த அன்று, "ஏம்பா, கையால சுத்துறதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றார் அப்பா. இப்போது அவர்தான் பட்டனை அதிகமாக அமுக்குகிறார், அது வேறு கதை. முன் கதவு இரண்டுக்கு மட்டும் செய்தால் போதும் என்பது என் எண்ணம். பின்கதவுக்குச் செலவும் வயரும் இரட்டிப்பு, பலன் கொஞ்சம்.

கிட் (மோட்டார், சுவிட்சு, வயர் எல்லாம் சேர்ந்த செட்) வாங்கும் முன் ஒரு சோதனை. வைண்டர் கைப்பிடியை இரண்டே விரலால் சுற்றிப் பாருங்கள். கண்ணாடி மேலே வரை ஏறினால் நல்லது. பாதியில் முழங்கையின் பலத்தைக் கேட்டால், அந்தக் கதவில் இன்று மோட்டார் போட்டீர்கள் என்றால் அடுத்த வருஷம் புது மோட்டார் வாங்குவீர்கள். பவர் விண்டோ மோட்டார் சாகிறது என்றால் பாதிக்கு மேல் அது மோட்டாரின் குற்றம் இல்லை. கண்ணாடி ஓடுகிற ரப்பர் சேனல் காய்ந்து, கிரானைட் தூளும் செம்மண்ணும் உள்ளே கெட்டிப்பட்டிருக்கும். கை என்றால் இறுக்கத்தை உணர்ந்து நிறுத்தும், மோட்டார் தன்னால் முடிந்த வரை கரண்டை இழுத்துக்கொண்டே முட்டும்.

கிட்டில் இரண்டு வகை. ஒன்று யுனிவர்சல்: கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கும், கைப்பிடி மாட்டிய தண்டை மோட்டார் ஒரு பல் கேபிள் வழியாகச் சுற்றும். விலை குறைவு, ஆனால் இருபது வருஷம் தேய்ந்த பல்சக்கரத்தை நம்பி நிற்கிறது. இன்னொன்று உங்கள் மாடலுக்கென்றே வரும் ரெகுலேட்டரும் மோட்டாரும் சேர்ந்த செட். இதையே வாங்குங்கள். ஓசூரிலோ பெங்களூரு ஜேசி ரோட்டிலோ வாங்குவதாக இருந்தால், ஒரு பக்கத்துப் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் போல்ட் ஓட்டைகளை அதன் மேல் வைத்து ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். ஜென், சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியிலேயே பவர் விண்டோ வந்ததால், காயலான் கடையில் ஒரிஜினல் பாகம் சுவிட்சு, வயரோடு கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் புது கிட்டைவிட அதுவே மேல்.

சரி, கதவுக்கு வருவோம். முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. அடுத்தது கைப்பிடி. அதைப் பிடித்திருப்பது ஸ்க்ரூ இல்லை, கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உள்பக்க அட்டை) நடுவே ஒளிந்திருக்கும் ஒரு வளைந்த கம்பி கிளிப். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பேட் கிழியும், கிளிப் பறக்கும். பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் பின்னால் அதை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, முதுகு தேய்க்கிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டும், 'டிக்' என்று ஒரு சத்தம், கிளிப் வெளியே வந்து விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு முதல் கிளிப் பக்கத்து வீட்டுச் செம்பருத்திச் செடிக்குள் போனது. (புது ரெகுலேட்டருக்குக் கைப்பிடி தேவையில்லை என்பதால் நஷ்டமில்லை. பேடில் மிஞ்சும் ஓட்டையை அடைக்க ஒரு பிளாஸ்டிக் மூடி கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.)

ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூ, உள் கைப்பிடியின் சட்டம், லாக் குமிழ் எல்லாம் எடுத்த பிறகு பேடைச் சுற்றிலும் தட்டையான பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் நெம்புங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நெம்புகிறீர்களோ அவ்வளவு நல்லது. நான்கைந்து கிளிப் உடையும், அதை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழிக்காமல் உரியுங்கள், மழைத்தண்ணீர் பேடை ஊறவைக்காமல் காப்பது அதுதான்.

கைப்பிடியைச் சும்மா தண்டில் செருகிச் சுற்றிக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, அகலமான டேப் இரண்டு பட்டையைக் கதவுச் சட்டத்தின் மேல் வழியாக உள்ளும் புறமும் ஒட்டி நிறுத்துங்கள். அப்புறம்தான் ரெகுலேட்டரைத் தொட வேண்டும். சில வண்டியில் கண்ணாடி இரண்டு போல்ட்டில் நிற்கும், சிலதில் கண்ணாடியின் அடித்தகட்டில் ரோலர் ஓடும். எதுவானாலும் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய ரெகுலேட்டர் வெளியே வந்ததும் டேப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து ஏற்றி இறக்குங்கள். எங்கே பிடிக்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரியும். ரப்பர் சேனலை ஈரத்துணி சுற்றிய குச்சியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். இன்ஜின் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கிரீஸ் என்பது ரெகுலேட்டரின் பல்லுக்கும் தண்டவாளத்துக்கும் மட்டும்.

புது ரெகுலேட்டரை உள்ளே நுழைத்து, போல்ட்டுகளை முழுக்க இறுக்காமல் விட்டு, மோட்டாரின் இரண்டு வயரையும் ஒரு ஃபியூஸ் வழியாகப் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தொட்டால் ஏறும், மாற்றித் தொட்டால் இறங்கும். கண்ணாடி கோணலாக ஏறினால் போல்ட்டைக் கொஞ்சம் நகர்த்தி, நேரான பிறகு இறுக்குங்கள். பேடை மாட்டிய பிறகு இதைச் செய்ய நினைத்தவர்கள் எல்லோரும் பேடை இரண்டு முறை கழற்றியவர்கள்.

இனி வயரிங். என் வண்டி பட்ட பாடு இதில்தான். முதல் தடவை அவசரப்பட்டு ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன், அவர் ஹாரன் ஃபியூஸிலிருந்தே பவர் எடுத்து முடித்துவிட்டார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. தொப்பூர் கணவாயில் மழை பிடித்தபோது இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன், ஃபியூஸ் போனது, கண்ணாடி பாதியில், ஹாரனும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஹாரன் இல்லாமல் நனைந்துகொண்டு இறங்கியவனுக்குத்தான் தனி லைன் ஏன் என்பது புரியும்.

ஒரு மோட்டார் சும்மா ஓடும்போது சுமார் 3 முதல் 6 ஆம்ப் இழுக்கும். கண்ணாடி மேலே முட்டி நிற்கும் அந்த நொடியில் 15 ஆம்பைத் தாண்டலாம். அதனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்சு) 30-ஆம் பின்னுக்கு. 87-இலிருந்து சுவிட்சுகளுக்கு. 85 எர்த் (வண்டியின் இரும்பு பாடி), 86 சாவி ஆன் செய்தால் மட்டும் பவர் வரும் வயருக்கு. சாவி இல்லாமல் கண்ணாடி ஏறக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே விற்கும் சாதா கிட்டுகளில் கை, கழுத்து சிக்கினால் தானாகக் கீழே இறங்கும் வசதி இருக்காது, வண்டிக்குள் குழந்தைகள் விளையாடும் வீடு என்றால் யோசித்துப் பாருங்கள்.

சுவிட்சு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஐந்து பின் இருக்கும்: ஒன்று பவர், இரண்டு எர்த், இரண்டு மோட்டாருக்கு. சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்திலேயே கிடக்கும். பட்டனை அமுக்கினால் ஒன்று மட்டும் பவருக்கு மாறும், மோட்டார் சுற்றும். எது எந்தப் பின் என்பது சுவிட்சுக்குச் சுவிட்சு மாறுவதால் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். இடது கண்ணாடியை டிரைவரும் இயக்க வேண்டும் என்றால், இடது கதவுச் சுவிட்சின் இரண்டு எர்த் பின்னையும் பாடியில் கொடுக்கக்கூடாது. டிரைவரிடம் இருக்கும் இடது பக்கச் சுவிட்சின் இரண்டு மோட்டார் பின்னோடு அவற்றைச் சேர்க்க வேண்டும். எர்த்தும் அந்த வழியாகத்தான் வரும். இந்த ஒன்றைத் தவறாகக் கொடுத்தால், டிரைவர் பட்டனை அமுக்கியதும் நேரே ஷார்ட்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே வயர் போக ஓட்டை போட வேண்டியிருந்தால், போட்ட விளிம்பில் பெயின்ட் தொட்டு, ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) வைத்து, வயரை ரப்பர் குழாய்க்குள் விட்டுக் கொஞ்சம் தொளதொளவென்று வையுங்கள். கதவைப் பத்துத் தடவை திறந்து மூடி, வயர் எங்கும் நசுங்கவில்லை என்று குனிந்து பாருங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போடுங்கள்.

எல்லாம் முடிந்து கண்ணாடி மெதுவாக ஏறுகிறது என்றால், இன்ஜினை ஓடவிட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டே மோட்டாரின் வயரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து மோட்டாரில் 11-க்கும் கீழே வந்தால் கோளாறு வயரிலோ எர்த்திலோ. மோட்டாரிலும் 13-க்கு மேல் இருந்தால் மறுபடி அந்த ரப்பர் சேனலுக்குத்தான் போக வேண்டும். ஏற்றி இறக்கி விளையாடிக் காட்டும்போது மோட்டார் திடீரென நின்றால் பயப்படாதீர்கள், பல மோட்டார்களில் சூடு ஏறினால் நிற்கும் பாதுகாப்பு உள்ளேயே உண்டு, சில நிமிஷம் விட்டால் திரும்ப ஓடும்.

பழைய ரெகுலேட்டர் இரண்டையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். டிக்கியில் முனைகளில் கிளிப் வைத்து, நடுவில் ஃபியூஸ் போட்ட மூன்று மீட்டர் இரட்டை வயர் ஒன்று கிடக்கிறது. வழியில் சுவிட்சோ ரிலேயோ போனால், பேடை ஒரு பக்கம் நெம்பி மோட்டார் சாக்கெட்டைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடு வந்து சேரலாம்.