பல செல் லித்தியம் பேக்: பாதுகாப்புச் சர்க்யூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடராக நான்கு செல் கோர்த்த பேக் முழு சார்ஜில் 16.8 வோல்ட் காட்டும். அதை மட்டும் அளந்து ‘சரி, நிறைந்துவிட்டது’ என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்று செல் 4.15 வோல்ட்டிலும் ஒன்று 4.35 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டினால் அதே 16.8தான். அந்த ஒரு செல் 4.2 வோல்ட் எல்லையைத் தாண்டியது வெளியே தெரியாது. ஆகவே செல்லுக்குச் செல் தனியாக அளக்கும் ஐசி (சிப்) கட்டாயம். அளக்கும் ஒயரையும் செல்லின் முனையிலிருந்தே எடுங்கள். கரண்ட் ஓடும் பட்டையின் பாதியில் எடுத்தால் அங்கே இறங்கும் வோல்டேஜும் அளவில் கலந்துவிடும்.

பேக்கின் கரண்டை இணைத்து வெட்டும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 16.8 வோல்ட் பேக்குக்கு 20 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் போதும் என்று தோன்றும். ஷார்ட் ஆகி 100 ஆம்பியர் பாயும்போது அதை 1 மைக்ரோசெகண்டில் வெட்டினால், ஒயரில் வெறும் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) இருந்தாலே 100 வோல்ட் எகிறும். பெரும்பாலும் மாஸ்ஃபெட் பழுதானால் ஷார்ட்டாகவே நின்றுவிடும், அதாவது பாதுகாப்பே இல்லாத பேக். கேட்டை (மாஸ்ஃபெட்டை இயக்கி அணைக்கும் முனை) கொஞ்சம் மெதுவாக அணையுங்கள், ஆனால் ரொம்ப மெதுவானால் மாஸ்ஃபெட்டே சூட்டில் வெந்துவிடும். எகிறும் வோல்டேஜைப் பிடிக்க டிவிஎஸ் டையோடு போடுங்கள். இதெல்லாம் தோற்றால் கடைசியில் வெட்ட ஒரு பியூஸும் இருக்கட்டும். செலவைக் குறைக்க முதலில் தூக்கப்படுவது பாவம் அதுதான்.

லோடில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால், இணைத்த நொடியிலேயே சர்க்யூட் அதை ஷார்ட் என்று நினைத்து வெட்டும். உடனே, ஷார்ட்டைக் கண்டபின் வெட்டுமுன் சர்க்யூட் காத்திருக்கும் தாமதத்தை நீட்டிவிடுவார்கள். வேண்டாம். ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரை முதலில் நிரப்பிவிட்டு, அப்புறம் முழு லோடை இணையுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலருக்கான மின்சாரத்தை அடிச்செல்லிலிருந்து மட்டும் எடுப்பது இன்னொரு வம்பு. 5 மில்லிஆம்பியர்தானே என்று தோன்றும். 30 நாளில் 3600 மில்லிஆம்பியர்-மணி! 18650 அளவு உருளை செல் பெரும்பாலும் அவ்வளவு தாங்காது. செல்களைச் சமன் செய்ய, அதிகம் நிறைந்த செல்லை வடிக்கும் பேலன்சிங் ரெசிஸ்டர் 100 ஓம் என்றால் ஓடுவது சுமார் 42 மில்லிஆம்பியர்தான். மற்ற செல்களை வடித்து இப்படி விழுந்த பள்ளத்தை அது சமன் செய்யப் பல நாள் ஆகும். முழு பேக்கிலிருந்து ரெகுலேட்டர் வழியாக எடுத்தால் எல்லாச் செல்லும் ஒன்றாகவே இறங்கும்.

வெப்பநிலைக்கு ஒரே வரம்பு வைக்காதீர்கள். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே டிஸ்சார்ஜ் பெரும்பாலும் பரவாயில்லை, சார்ஜ் செய்தால் ஆனோடில் (செல்லின் நெகட்டிவ் பக்கம்) லித்தியம் உலோகமாகப் படியும். சார்ஜ் பாதையின் மாஸ்ஃபெட்டை மட்டும் தனியாக அணைக்கும் வசதி இல்லாத சர்க்யூட்டில் இதைச் சரிசெய்யவே முடியாது.