சர்க்கரை ‘பார்டரில்’ இருக்கிறதா? அடுத்து என்ன செய்ய வேண்டும்: படிப்படியான விளக்கம்

“பார்டரில் இருக்கிறது, இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.” பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பலருக்குக் கிடைப்பது இந்த ஒற்றை வரி ஆலோசனைதான். கேட்டவர்களில் சிலர் மறுநாளே பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பத்தாம் நாள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மற்றவர்கள் ‘இன்னும் வரவில்லையே’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்டர் என்பது மருத்துவ மொழியில் முன் நீரிழிவு. நடவடிக்கைக்கு நல்ல பலன் கிடைக்கும் கட்டமும் இதுதான். எதிலிருந்து தொடங்குவது, எதை விட்டுவிடலாம் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: அறிக்கையை நீங்களே படியுங்கள்

மூன்று பரிசோதனைகள் பயன்படுகின்றன. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் (தண்ணீர் குடிக்கலாம்) எடுக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முன் நீரிழிவு. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. இது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல். உலகச் சுகாதார நிறுவனமோ முன் நீரிழிவை 110-இலிருந்துதான் கணக்கிடுகிறது. உங்கள் அளவு 104 என்றால் ஒரு மருத்துவர் ‘பார்டர்’ என்றும் இன்னொருவர் ‘பரவாயில்லை’ என்றும் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, 75 கிராம் குளூக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. அதில் 140 முதல் 199 வரை முன் நீரிழிவு. மூன்றாவது எச்பிஏ1சி. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் குளூக்கோஸை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை இது காட்டுகிறது, 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முன் நீரிழிவு. முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருந்து இதை ஏமாற்ற முடியாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் இரத்தம் இழந்திருந்தாலோ ஏற்றியிருந்தாலோ இதை நம்பி முடிவெடுக்க முடியாது. இரத்தச்சோகை இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காய்ச்சலின்போது அல்லது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது எடுத்த அறிக்கையை வைத்துக் கவலைப்படத் தொடங்காதீர்கள். உடல் தேறியதும் மருத்துவரைக் கேட்டு இன்னொரு முறை பாருங்கள். வீட்டுக் குளூக்கோமீட்டரில் சில புள்ளிகள் கூடுவதும் குறைவதும் இயல்பு. அதை வைத்துப் பார்டரைத் தீர்மானிக்கவே கூடாது.

படி 2: உள்ளே நடப்பது என்ன?

சாப்பிட்டதும் இரத்தத்தில் சேரும் குளூக்கோஸைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிவைப்பது இன்சுலின். கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு படிந்து, உடலுழைப்பும் குறைந்தால், அதே அளவு இன்சுலினுக்குத் தசைகள் முன்போல் இணங்குவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அது ஈடுகொடுக்கும் வரை அறிக்கையில் எதுவும் தெரியாது. அது தளரத் தொடங்கும் கட்டம்தான் முன் நீரிழிவு. வலி இல்லை, களைப்புகூடப் பெரும்பாலும் இல்லை. சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போலாகும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத அந்தக் கறுப்பு அழுக்கல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு இருப்பவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், உடல் எடை கூடியவர்கள் ஆகியோர் அறிகுறிக்காகக் காத்திராமல் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 35 வயதைக் கடந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 3: இடுப்புச் சுற்றளவை எடுங்கள்

எடை இயந்திரத்துக்கு முன் அளவு நாடாவை எடுங்கள். சட்டையை விலக்கிவிட்டு நேராக நின்று, கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளவைப் பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு எடுத்தால் நாடாதான் ஏமாறும், கணையம் ஏமாறாது. வந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும்: 160 செ.மீ. உயரமானவருக்கு 80-க்குள். எடை இயல்பாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர்கள், ‘நான் ஒல்லிதானே’ என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 4: முதலில் நடை, பிறகுதான் உணவு

பெரும்பாலானோர் உணவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் நடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். உணவை மாற்ற வீட்டில் எல்லோருடைய ஒத்துழைப்பும் வேண்டும். நடக்க உங்கள் கால்கள் போதும். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குளூக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு இணங்காத அதே தசைதான், நீங்கள் நடக்கும்போது வேறு வழியில் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: அன்றைய பெரிய உணவு எதுவோ, அதை முடித்த அரை மணி நேரத்துக்குள் எழுந்து பத்து நிமிடம் நடங்கள். உடை மாற்ற வேண்டாம், வெளியே போகக்கூட வேண்டாம். இது பழகிய பிறகு மற்ற வேளைகளுக்கும் நீட்டுங்கள். பிறகு, வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை என்ற இலக்கை நோக்கிப் போகலாம். விறுவிறுப்பு என்றால், பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், பாட்டுப் பாட முடியாது, அந்த வேகம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும். நெஞ்சுவலியோ நடந்தால் மூச்சிரைப்போ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்ற கேள்விக்கு உறுதியான விடை இருக்கிறது. 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. வாரம் 150 நிமிட உடலுழைப்பு, 7 சதவீத எடைக் குறைப்பு என்ற இலக்கோடு பழக்கங்களை மாற்றியவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில் பங்கேற்றவர்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறே ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி வழிகாட்டுதல் பெற்றவர்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதய நோயும் குறைந்திருந்தது.

படி 5: தட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கலோரிக் கணக்கை மறந்துவிடுங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். மீதிக் கால் பங்கில் மட்டும் தானியம், முடிந்தால் தவிடு நீக்காதது. சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப் பண்டத்தைக் கடைசிக்குத் தள்ளினால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏற்றம் குறைகிறது.

உடனே விட வேண்டியது இனிப்புப் பானங்கள். 330 மி.லி. குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி இருக்கும். பழச்சாறும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள். தேனும் பழுப்புச் சர்க்கரையும் ‘இயற்கையானவை’ என்பது சந்தைப் பேச்சு. இரத்தச் சர்க்கரையை அவையும் ஏற்றத்தான் செய்யும். பொட்டலத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், திருப்பிப் பார்த்து மாவுச்சத்து எத்தனை கிராம், அது எத்தனை துண்டுக்கு என்று படியுங்கள். ஒரு பிஸ்கட்டுக்கான கணக்கைப் போட்டிருப்பார்கள். யார்தான் ஒன்றோடு நிறுத்துகிறார்கள்?

படி 6: உறக்கம், புகை

ஏழு மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் தொடர்ந்து குறைந்தால் இன்சுலின் செயல்பாடு மங்குகிறது, மறுநாள் பசியும் கூடுகிறது. உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். புகைப்பது நீரிழிவு அபாயத்தைக் கூட்டும். அதற்குமேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

படி 7: மீண்டும் அளந்து பாருங்கள்

எடை கூடுதலாக இருந்தால் 7 சதவீதக் குறைப்பு முதல் இலக்கு. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோ சொச்சம்தான். வாரம் ஒரு முறை எடையையும் மாதம் ஒரு முறை இடுப்பையும் குறித்து வையுங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதம் ஆவதற்குள் மீண்டும் பார்த்துப் பயனில்லை, பழைய சிவப்பணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை தேவை, இயல்புக்குத் திரும்பியவர்களுக்கும்தான். கூடவே இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். எடை மிகக் கூடியவர்களுக்கும் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்களுக்கும் மருத்துவர் மெட்ஃபார்மின் தரலாம். அது உங்கள் தோல்வியல்ல. நடையை நிறுத்துவதற்கான அனுமதியும் அல்ல.

இடையில் அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு, மங்கலான பார்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.