நயாகராவை இருட்டறையில் பார்ப்பது எப்படி

முதல் தடவை 1953-இல் வந்த 'நயாகரா' படத்தைப் பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அரைகுறையாகத்தான் பிடித்தது. தப்பு என்னுடையது.

இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். டிவியில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' வகை அமைப்பை எடுத்துவிடுங்கள். டெக்னிகலர் என்ற அந்தக்கால வண்ணப்பட முறையில் ஏற்கெனவே போதுமான நிறம் இருக்கிறது. சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வருவதற்குச் சற்று முந்தைய படம், அதனால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். திரை முழுக்க இழுத்து நிரப்பினால் மர்லின் மன்றோ குண்டாகத் தெரிவார், பாவம்.

அப்புறம் கதையைத் துரத்தாதீர்கள். கணவனைக் கொல்ல மனைவியும் காதலனும் திட்டமிடுகிறார்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். கண்ணை வேறு இடத்தில் வையுங்கள். விடியலில் கணவனாக வரும் ஜோசப் காட்டன் அறைக்குத் திரும்பும்போது, விழித்திருந்த மனைவி மன்றோ சிகரெட்டை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல நடிக்கிறார். அந்தக் கல்யாணத்தின் நிலவரம் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இளஞ்சிவப்பு உடையில் மன்றோ ஓர் இசைத்தட்டைப் போடச் சொல்லும் காட்சி வந்தால் போனைக் கீழே வையுங்கள். காட்டன் வெளியே வந்து அந்தத் தட்டைக் கையாலேயே உடைக்கிறார். அந்த மெட்டை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மணிக்கூண்டில் திரும்ப வரும். அங்கே இயக்குநர் ஹென்றி ஹாத்தவே காட்டும் நிழல்களுக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். அதற்குப் பிந்தைய படகுச் சாகசம் எனக்குச் சுமார்தான்.